பட்டறையில் கையையும் கண்ணையும் காப்போம்

கோவை கணபதியிலும் பீளமேட்டிலும், சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் நாலைந்து பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகள் ஏராளம். பம்ப் பாகம், கிரைண்டர் பாகம், வண்டி உதிரி என்று நாள் முழுக்க லேத்தும் பிரஸ்ஸும் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படி ஓர் இடத்தில் ஒருவருக்கு விரல் போய்விட்டால், சுற்றி இருப்பவர்கள் முதலில் சொல்வது "கொஞ்சம் அசந்துட்டான்" என்பதுதான். பழி முழுவதும் அடிபட்டவர் மேல் விழுகிறது. இயந்திரம் பழையபடியே அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கிறது. இந்தப் பேச்சு மாறினால்தான் விபத்துகள் குறையும்.

கவனம் மட்டும் போதாது

லேத்தில் 50 மி.மீ. விட்டமுள்ள தண்டு ஒன்று நிமிடத்துக்கு 600 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வினாடிக்கு 10 முறை சுற்றும். தளர்ந்த சட்டைக் கையின் நுனி அதில் மாட்டினால், ஒரு வினாடியில் ஒன்றரை மீட்டருக்கு மேல் துணியைச் சுருட்டிவிடும். ஆபத்தைக் கண் கண்டு, கை பின்வாங்கத் தொடங்கவே சுமார் கால் வினாடி ஆகும். அந்தக் கால் வினாடியில் ஏறத்தாழ 40 செ.மீ. துணி உள்ளே போயிருக்கும். மணிக்கட்டில் தொடங்கியது முழங்கையைத் தாண்டிவிடுகிறது. எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இந்த வேகத்தோடு போட்டி போட முடியாது. எனவே பாதுகாப்பு என்பது சுவிட்சைப் போடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை.

உடம்பில் என்ன இருக்கக் கூடாது

மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் செயின், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் இயந்திரத்திடம் போக வேண்டும். கோயிலில் கட்டிய கயிறும் அப்படித்தான். வேலை நேரத்தில் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். மோதிரம் மாட்டினால் விரலின் தோலையும் ரத்தக் குழாய்களையும் உரித்துக்கொண்டு போய்விடும். முழுக்கைச் சட்டையின் நுனியை முழங்கைக்கு மேல் இறுக்கமாக மடித்துவிடுங்கள். லுங்கி, தோளில் துண்டு, செருப்பு மூன்றும் பட்டறைக்கு ஆகாது.

பெண்கள் துப்பட்டாவை விட்டுவிட்டு மேலங்கி அணிந்து, பின்னலைத் தொப்பிக்குள் முடிந்துகொள்ள வேண்டும். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், இரவில் தனியாக லேத்தில் வேலை செய்த ஒரு மாணவி தலைமுடி சிக்கி உயிரிழந்தார். பெரிய பல்கலைக்கழகத்தின் பட்டறையிலேயே இது நடந்தது. தனியாக இருக்கும்போது இயந்திரத்தை ஓட்டாதீர்கள். அருகில் ஒருவர் இருந்தால்தான் சுவிட்சை அணைக்கவாவது கை கிடைக்கும்.

கையுறை பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். கூரான தகடுகளைத் தூக்கும்போது அது சரி. சுழலும் லேத், டிரில்லிங், மில்லிங் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கையுறையே எமன். நூல் ஒன்று மாட்டினாலும் கையோடு இழுத்துக்கொள்ளும்.

லேத்தும் டிரில்லிங்கும்

சக் கீ சக்கில் இருக்கும்வரை அதிலிருந்து கையை எடுக்கக் கூடாது. மறந்து சுவிட்சைப் போட்டால் அது பறந்து வந்து நெஞ்சிலோ முகத்திலோ அடிக்கும். இரும்புச் சுருளைக் கையால் இழுக்காதீர்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கொக்கியாலோ பிரஷ்ஷாலோ எடுங்கள். வெர்னியரால் அளப்பதும் சக் முழுவதும் நின்ற பிறகுதான். எமரித் தாளை விரலில் சுற்றிக்கொண்டு சுழலும் ஜாப்பில் தேய்ப்பது விரலை முறிக்கும் பழக்கம்.

டிரில்லிங்கில் தகட்டை வெறுங்கையால் பிடிப்பதும் அதே அளவு ஆபத்து. துளை மறுபக்கம் திறக்கும் கணத்தில் டிரில் பிட் தகட்டைப் பற்றிக்கொள்ளும். தகடு சுழலும் கத்தியாகிவிடும். சின்ன வேலைதானே என்று பார்க்காமல் வைஸில் இறுக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

கிரைண்டிங் வீல்

150 மி.மீ. வீல் நிமிடத்துக்கு 2,850 சுற்று ஓடினால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 80 கி.மீ. வேகத்தில் போகிறது. அது உடைந்தால் துண்டுகள் அதே வேகத்தில் சிதறும். வீலில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகம், இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் மாட்டவே கூடாது. மாட்டுவதற்கு முன் மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம், தூக்கி எறியுங்கள். புது வீலை மாட்டியதும் ஒரு நிமிடம் பக்கவாட்டில் விலகி நின்று ஓடவிடுங்கள். ஜாப்பை வைக்கும் தாங்கிக்கும் வீலுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இடைவெளி கூடினால் ஜாப் உள்ளே சிக்கி வீல் வெடிக்கும்.

பவர் பிரஸ்

பிரஸ்ஸில் விரல் போவது டைக்குள் கை நுழைவதால்தான். இரண்டு கைகளாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்ற ஏற்பாடு இதற்காகவே வந்தது. வேகமாக வேலை முடிய வேண்டும் என்று ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவைப்பது, ஒரு கையைப் பலி கொடுக்கத் தயாராவதற்குச் சமம். ஜாப்பை வைக்கவும் எடுக்கவும் இடுக்கி அல்லது காந்தக் குச்சி கொடுங்கள். கால் பெடலுக்கு மேலே மூடி வேண்டும். கிளட்ச் தேய்ந்த பிரஸ் ஒரே அழுத்தத்தில் இரண்டு முறை இறங்கும். ஒருமுறை அப்படி நடந்தாலும் உடனே நிறுத்தி, மெக்கானிக்கை அழையுங்கள்.

கரண்ட் போய் வரும்போது

கரண்ட் போனதும் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நிற்கும். சாதாரண சுவிட்ச் என்றால், கரண்ட் வந்ததும் தானாகவே ஓடத் தொடங்கும். அந்த இடைவெளியில் சுருளைத் துடைக்கக் கை வைத்தவர் சிக்கிக்கொள்வார். கரண்ட் வந்தாலும் பட்டனை மீண்டும் அழுத்தினால் மட்டுமே ஓடும் ஸ்டார்ட்டரைப் பொருத்துங்கள். பழுது பார்க்கும்போது மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கி, அதைப் பழுது பார்ப்பவரே சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண், காது, தோல்

கண்ணில் இரும்புத் துகள் விழுந்தால் துணி நுனியாலோ காந்தத்தாலோ எடுத்துவிடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. விழிப்படலத்தில் குத்திய இரும்பு, சில மணி நேரத்திலேயே துரு வளையத்தை விட்டுச் செல்லும். அழுக்குத் துணி கிருமியையும் கொண்டுபோகும். கசக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். வேகமாகத் தெறித்த துகள் வலி அதிகமில்லாமலே கண்ணுக்குள் புகுந்திருக்கலாம். பட்டறையில் வேலை செய்தவர் எப்போதாவது எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்; கண்ணில் தங்கிய இரும்பைக் காந்தம் நகர்த்திப் பார்வையைப் பறித்துவிடும்.

ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்தச் சத்தம் காதைக் கெடுக்கும் அளவு. அப்படிப் போன கேள்வித்திறன் திரும்புவதில்லை. காதடைப்பான் அணியுங்கள். கூலன்ட் படும் கையை மண்ணெண்ணெய், தின்னரில் கழுவாமல் சோப்பால் கழுவுங்கள். கம்ப்ரசர் காற்றால் உடம்பைத் துடைக்காதீர்கள். சின்னக் காயத்தின் வழியே காற்று உள்ளே புகுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

விரல் துண்டானால்

இயந்திரத்தை நிறுத்துங்கள். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலைச் சுத்தமான நீரில் மெல்ல அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. உறைந்த திசு செத்துவிடும். 108ஐ அழைத்து, நுண் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. இஎஸ்ஐ பதிவுள்ள தொழிலாளிக்கு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் ஊனத்துக்கான பணப்பயன் உண்டு. எனவே சேரும்போதே பதிவு செய்துவிடுங்கள்.

இன்று மாலை சுற்றிப் பாருங்கள்

சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவிட்டது. அதைச் செய்து தருவது முதலாளியின் கடமை. கழற்றாமல் இருப்பது தொழிலாளியின் கடமை. இன்று மாலை பட்டறையை மூடுவதற்கு முன் இருவரும் சேர்ந்து ஒரு சுற்று வாருங்கள். பெல்ட் கார்டு இல்லாத லேத், டேப் ஒட்டிய பட்டன், தாங்கி தேய்ந்த கிரைண்டர், எட்டாத இடத்தில் இருக்கும் ஸ்டாப் பட்டன் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சரிசெய்யும்வரை அந்த இயந்திரத்தை ஓட்ட வேண்டாம்.