மனைவி சொன்ன யோசனை!

அமெரிக்கப் புட்பால் நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவம். கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் 3 புள்ளி. அதற்கென்றே ஓர் ஆள் உண்டு!

பிராண்டன் ஆப்ரி உருண்டைப் பந்து ஆடியவர். 2017-ல் டொராண்டோ கோஷ்டி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் நிலைக்கவில்லை. கம்ப்யூட்டர் என்ஜினீயர் வேலைக்குப் போய்விட்டார்.

2019-ல் ஒரு நாள் டெலிவிஷனில் புட்பால் பார்த்தார். கம்பத்துக்கு உதைக்கும் வேலையை அவராலும் செய்ய முடியுமே என்றார் மனைவி. பிடித்துக்கொண்டார் ஆப்ரி! உத்தியோகம் ஒரு பக்கம். பயிற்சி ஒரு பக்கம். மூன்று ஆண்டுகள் ஓடின.

ஆனால் புட்பாலே ஆடாதவரைப் பெரிய கோஷ்டி சேர்க்குமா?

பெரிய பந்தயங்கள் செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும். பிறகு வசந்த காலத்தில் சிறிய பந்தயம் நடக்கும். கழிக்கப்பட்டவர்களும் வாய்ப்பே கிடைக்காதவர்களும் அங்கே வருவார்கள். சம்பளம் குறைவு, கூட்டமும் குறைவு. பெரிய கோஷ்டிகள் மட்டும் கவனித்துக்கொண்டே இருக்கும்!

2022-ல் அங்கே பர்மிங்காம் கோஷ்டியில் சேர்ந்தார் ஆப்ரி. இரண்டு ஆண்டும் அதற்கே கோப்பை. 2023-ல் டல்லாஸ் கோஷ்டி அழைத்தது. வயது 28!

முதல் 35 மூன்று புள்ளி உதைகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. புதிதாக வந்த எவரும் அதற்குமுன் செய்யாத சாதனை. 36-வதுதான் தவறியது.