வேறு வழியில்லாதவரின் சம்மதம்

மசாஜ் சென்டரிலோ வாடகை வீட்டிலோ போலீஸார் திடீர் சோதனை நடத்திய செய்தி நம் நாளிதழ்களில் அடிக்கடி வரும். புரோக்கர் கைது, செல்போன்கள் பறிமுதல், 'மீட்கப்பட்ட பெண்கள் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டனர்'. அதோடு செய்தி முடிந்துவிடும். காப்பகத்தில் அவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. 1956-ம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு தேவை என்று விசாரணையில் மாஜிஸ்திரேட் கருதினால், ஓராண்டுக்குக் குறையாமல், மூன்றாண்டுக்கு மிகாமல் அவரைப் பாதுகாப்பு இல்லத்தில் வைக்கலாம் என்கிறது 17-வது பிரிவு. விடுதி நடத்தி முதல்முறை பிடிபடுபவருக்கு 3-வது பிரிவு விதிக்கும் சிறைத்தண்டனையும் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரைதான். பாதிக்கப்பட்டவர் என்று சட்டமே சொல்லும் பெண்ணுக்கும், அவரை வைத்துப் பணம் பண்ணியவருக்கும் ஒரே காலக்கணக்கு.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில், தனியிடத்தில், பணம் வாங்கிக்கொண்டு உறவு கொள்வதை இந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை. அதைச் சுற்றியுள்ள ஏறக்குறைய எல்லாவற்றையும் குற்றமாக்கியிருக்கிறது. விடுதி நடத்தக்கூடாது. வாடிக்கையாளரைக் கூப்பிடக்கூடாது. கோயில், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடக்கக்கூடாது. நம் ஊர்களில் இந்த மூன்றும் இல்லாத 200 மீட்டரைக் கண்டுபிடித்துக் காட்டுபவருக்குப் பரிசே கொடுக்கலாம். பொது இடத்தில் கூப்பிட்ட குற்றத்துக்கு முதல்முறை பிடிபடும் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தைச் செய்த ஆணுக்கு மூன்று மாதம்தான் உச்சம்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது 4-வது பிரிவு. இந்தத் தொழிலில் வரும் வருமானத்தில், தெரிந்தே, முழுவதுமாகவோ பகுதியாகவோ வாழும் 18 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் இரண்டாண்டு வரை சிறை. தரகரையும் ரவுடியையும் மனத்தில் வைத்து எழுதிய பிரிவு. ஆனால் அம்மாவின் சம்பாத்தியத்தில் பாலிடெக்னிக் படிக்கும் மகனும் 18 முடிந்ததும் அதன் எல்லைக்குள் வந்துவிடுகிறான். மகள் அனுப்பும் பணத்தில் மாத்திரை வாங்கும் தகப்பனும் அப்படியே. இந்தத் தொழிலுக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் யாருக்காக வருகிறார்களோ, அவர்களையே இந்தப் பிரிவு தொடுகிறது.

சட்டம் இப்படி முன்னுக்குப் பின் முரணாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அடிப்படையான அறக்கேள்வியில் சமூகம் ஒரு முடிவுக்கு வரவில்லை. பிழைக்க வேறு வழியே இல்லாத இடத்தில் ஒருவர் கொடுக்கும் சம்மதம், சம்மதம்தானா?

இல்லை என்பவர்களின் வாதம் எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. கத்தியைக் காட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது என்றால், பசியைக் காட்டி வாங்கியது மட்டும் எப்படிச் செல்லும்? உடலுறவு மற்ற வேலைகளைப் போன்றதல்ல. அதில் வன்முறை, நோய், அவமானம் எல்லாம் வேலையோடு சேர்ந்தே வருகின்றன. வாங்குபவர் இருப்பதால்தான் சந்தை இருக்கிறது, சந்தை இருப்பதால்தான் சிறுமிகள் கடத்தப்படுகிறார்கள் என்கிறார்கள்.

எதிர்த்தரப்பு கேட்பது வேறு. அதே பசிதான் ஒரு குடும்பத்தைச் செங்கல் சூளைக்கு அனுப்புகிறது, கல்குவாரிக்கு அனுப்புகிறது. அங்கேயும் அதிகாரிகள் போகிறார்கள். ஆனால் முன்பணம் கொடுத்து அடைத்துவைத்திருக்கிறார்களா, குழந்தைகள் வேலை செய்கிறார்களா என்று பார்க்கத்தான். வேலை செய்யும் பெரியவரின் சம்மதம் அசலா போலியா என்று அலசிவிட்டு அவரை ஓராண்டு அடைத்துவைப்பதில்லை.

இந்த இரண்டு வாதங்களும் நேருக்கு நேர் மோதிய வழக்கு ஒன்று 2020 செப்டம்பரில் மும்பை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. மும்பையில் நடந்த சோதனையில் பிடிபட்ட மூன்று பெண்கள். வயது 20, 22, 23. அவர்கள் பேடியா சமூகத்தைச் சேர்ந்தவர்கள், அங்கே பருவமடைந்த பெண்ணை இந்தத் தொழிலுக்கு அனுப்புவது வழக்கம், பெற்றோரிடம் அனுப்பினால் மறுபடியும் இதே கதைதான் என்று அறிக்கை வந்தது. மாஜிஸ்திரேட் அவர்களை ஓராண்டுக்கு உத்தரப் பிரதேசத்தில் உள்ள இல்லத்துக்கு அனுப்ப உத்தரவிட்டார். உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மூவரும் வயது வந்தவர்கள். விரும்பிய இடத்தில் வசிக்கவும் விரும்பிய தொழிலைத் தேர்ந்துகொள்ளவும் உரிமை உள்ளவர்கள். தொழில் செய்தார்கள் என்பதற்காக மட்டும் அடைத்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை என்றது. மாஜிஸ்திரேட்டின் கவலை பொய்யல்ல. தாயும் பாட்டியும் இதையே செய்த வீட்டில் பிறந்த பெண்ணின் முன்னால் எத்தனை வழிகள் திறந்திருந்தன? ஆனால் ஓராண்டு பூட்டிவைப்பதால் அவற்றில் ஒன்றாவது கூடுமா? எனக்கு உயர்நீதிமன்றத்தின் முடிவே சரியென்று படுகிறது. இருந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டு அதற்கு மீட்பு என்று பெயர் வைப்பதில் நியாயம் இல்லை.

அமெரிக்கத் தத்துவவாதி மார்த்தா நுஸ்பாம் 1998-ல் எழுதிய கட்டுரையொன்றில் இந்தப் புள்ளியைத்தான் பிடித்தார். உடலை வைத்துக் கூலி வாங்காத தொழிலே கிடையாது. கோழி உரிக்கும் ஆலைத் தொழிலாளி முதல் பேராசிரியர் வரை எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். ஏழைப் பெண்ணின் பிரச்சினை அவளுக்கு வேறு வாய்ப்புகள் இல்லாதது. இருப்பதில் ஒன்றைத் தடைசெய்வதால் வாய்ப்பு கூடிவிடாது என்பது அவர் வாதம். இதில் முழுவதுமாக என்னால் உடன்பட முடியவில்லை. கோழி உரிப்பவரை யாரும் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதில்லை. அவர் பிள்ளைக்குப் பள்ளியில் பட்டப்பெயர் வைப்பதில்லை. ஆனாலும் அவர் வாதத்தின் இரண்டாம் பாதி நம் ஊருக்கு அப்படியே பொருந்தும்.

புணே பல்கலைக்கழகப் பொருளியலாளர் ரோகிணி சாஹ்னியும் வி.கல்யாண் சங்கரும் 14 மாநிலங்களில் சுமார் 3,000 பாலியல் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் முன்பே வேறு வேலை பார்த்தவர்கள். வீட்டு வேலை, கட்டட வேலை, விவசாயக் கூலி. அதாவது, போய் உழைத்துப் பிழைக்கக்கூடாதா என்று நாம் கேட்பதற்கு முன்பே போய் உழைத்துப் பார்த்துவிட்டார்கள். அந்தக் கூலியைவிட இதில் வருமானம் கூடுதல் என்பதால் வந்தவர்கள் பலர். மறுவாழ்வு என்ற பெயரில் நாம் நீட்டுவதோ தையல் மிஷின், ஊறுகாய், அப்பளம். கட்டுப்படியாகாமல் எந்த வேலையை விட்டு வந்தார்களோ, பெரும்பாலும் அதே கூலிக்கான வேலை.

சம்மதத்தில் பல படிகள் உண்டு என்பதைப் புரிந்துகொள்ள வடக்கு கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஒரே சந்துக்குள் மூன்று வகைப் பெண்கள் உண்டு. 'சுக்ரி' எனப்படுபவர் விலைக்கு வாங்கப்பட்டவர், அல்லது கடனுக்கு ஈடாக வந்தவர். சம்பாதிப்பது எல்லாம் 'மால்கின்' எனப்படும் வீட்டுக்காரிக்கே போகும். 'ஆதியா' பாதிப் பங்குக்காரர்; வாடிக்கையாளர் 500 ரூபாய் கொடுத்தால் 250 மால்கினுக்கு, மீதி இவருக்கு. 'ஸ்வாதீன்' தனியாக அறை வாடகைக்குப் பிடித்துச் சுயமாகத் தொழில் செய்பவர். சுக்ரியிடம் சம்மதம் பற்றிப் பேசுவது கேலி. அது அடிமைத்தனம், மீட்கத்தான் வேண்டும். ஸ்வாதீனை மீட்பது என்றால் எதிலிருந்து? ஆதியா இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். ரெய்டுக்கு வரும் போலீஸ் வேன் மட்டும் மூவரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகிறது.

இந்தப் பெண்களைப் பற்றி அரசு அக்கறை காட்ட ஆரம்பித்ததற்குக் காரணம் கருணையல்ல, நோய். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆய்வு செய்த மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரி சேகரிக்கக் கிளம்பினார். சென்னையில் சோனாகாச்சி போலத் தனித்தெரு கிடையாது. அரசு பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்த பெண்களின் சீட்டில் 'வி ஹோம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, அது கைதான பெண்கள் வைக்கப்படும் விஜிலன்ஸ் ஹோம் என்று தெரிந்துகொண்டு அங்கே போனார். மாதிரிகள் வேலூர் சிஎம்சிக்குப் போயின. ஆறு பேருக்குத் தொற்று உறுதியானது. நாட்டையே எழுப்பிவிட்ட கண்டுபிடிப்பு அது. எய்ட்ஸுக்கான பரிசோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனை என்றே நினைத்திருந்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு அவர்கள் தரும் சம்மதம் மெய்தானா என்று கேட்கும் சமூகம், தனக்குத் தேவைப்பட்டபோது சம்மதமே கேட்கவில்லை.

1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா சோனாகாச்சிக்கு வந்ததும் எச்.ஐ.வி. தடுப்புக்குத்தான். ஆணுறை போடச் சொல்லுங்கள் என்று அறிவுரை சொன்னால் போதும் என்பது அப்போதைய நினைப்பு. நடைமுறை வேறாக இருந்தது. விஜயேந்திர ராவும் ஜானா உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு அதைப் பணக்கணக்கில் காட்டியது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஆணுறையை வற்புறுத்திய பெண்ணுக்கு ஏற்பட்ட வருமான இழப்பு 66 முதல் 79 சதவீதம். இவர் மறுத்தால் பக்கத்து அறைக்காரி ஒப்புக்கொள்வார். வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் சம்மதிப்பதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. முக்கால் கூலியை இழக்கச் சம்மதிப்பவர் யார்?

எல்லாரும் சேர்ந்து மறுப்பதுதான் ஒரே தீர்வு. சக பெண்களே வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். 1995-ல் அவர்களின் அமைப்பான தூர்பார் மகிளா சமன்வய கமிட்டி உருவானது. அதே ஆண்டு, கந்துவட்டிக்காரர்களிடமிருந்து தப்பிக்க 'உஷா' என்ற கூட்டுறவு சங்கத்தைப் பதிவு செய்யப் போனார்கள். உறுப்பினர்கள் நல்லொழுக்கம் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றது விதி. 'இல்லத்தரசிகள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் சிக்கல் இல்லை என்று யோசனை சொல்லப்பட்டது. மறுத்துவிட்டார்கள். கடைசியில் மேற்கு வங்க அரசுதான் விதியை மாற்றியது. சொந்தச் சேமிப்புக் கணக்கு இருந்தால், காய்ச்சல் நாளில் கதவைச் சாத்திக்கொள்ளலாம். குடித்துவிட்டு வருபவனை வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம். பசியில் கொடுத்த சம்மதம் கொஞ்சம் கொஞ்சமாக மெய்யான சம்மதமாக மாறுவது இப்படித்தான். தொழிலுக்குப் புதிதாக வருபவர் சிறுமியா, கட்டாயப்படுத்தப்பட்டவரா என்று பார்க்கச் சுயகட்டுப்பாட்டு வாரியங்களையும் தூர்பார் அமைத்தது. தொழிலில் இருப்பவர்களே இதைக் கண்காணித்தால் எவ்வளவு நம்பலாம் என்று விமர்சகர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சந்தில் எந்த வீட்டில் புதுமுகம் தென்படுகிறது என்பது காவல் நிலையத்துக்குத் தெரிவதற்கு முன் அவர்களுக்குத்தான் தெரியும்.

வெளிநாட்டு மாதிரிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்வீடன் 1999 முதல் வாங்குபவரைத் தண்டிக்கிறது, விற்பவரை விட்டுவிடுகிறது. நியூசிலாந்து 2003-ல் 60-க்கு 59 என்ற வாக்குக் கணக்கில் தொழிலைக் குற்றப்பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. வாங்குபவரைத் தண்டிப்பதில் அறத்தின் அழகு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்வீடனில் வாடிக்கையாளர் வராமல் போனால் பின்னால் தாங்கிக்கொள்ள நல்வாழ்வு அரசு இருக்கிறது. நம் ஊரில் அது எவ்வளவு தாங்கும் என்பதைக் கொரோனா ஊரடங்கு காட்டியது. தெரு காலியானது, ரேஷன் அட்டை, முகவரிச் சான்று இல்லாததால் அரிசியும் கிடைக்கவில்லை. அடையாள அட்டை கேட்காமல் உலர் உணவுப் பொருள்கள் கொடுங்கள் என்று 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

அந்த உத்தரவு வந்தது புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில். 1999-ல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். குற்றவாளியின் மேல்முறையீட்டை 2011-ல் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், அதோடு நிறுத்தாமல் வழக்கைப் பாலியல் தொழிலாளர்களின் நிலை பற்றிய பொதுநல வழக்காக மாற்றி, ஒரு குழுவை அமைத்தது. குழுவின் பரிந்துரைகள் மீது 2022 மே 19-ல் உத்தரவு வந்ததும், பாலியல் தொழிலை நீதிமன்றம் அங்கீகரித்துவிட்டது, இனி போலீஸ் தலையிட முடியாது என்று தலைப்புகள் ஓடின. உத்தரவைப் படித்தால் கதை அவ்வளவு நேராக இல்லை.

பரிந்துரைகள் பத்து. அவற்றில் ஆறை உடனே நடைமுறைப்படுத்த நீதிமன்றம் உத்தரவிட்டது: பாலியல் வன்முறைக்கு ஆளானால் மற்றவர்களுக்கு உள்ள எல்லா உதவிகளும் இவர்களுக்கும் உண்டு; விருப்பத்துக்கு மாறாகக் காப்பகத்தில் இருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வேண்டும்; ஊடகங்கள் அடையாளத்தை வெளியிடக்கூடாது; ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் கொள்ளக்கூடாது, இப்படி. ஆதார் அட்டை தருவதற்கும் அதே உத்தரவில் வழி செய்யப்பட்டது. மீதி நான்கு பரிந்துரைகளில் மத்திய அரசுக்கு மாற்றுக்கருத்து இருந்ததால் அவை அந்த உத்தரவில் நடைமுறைக்கு வரவில்லை. விருப்பத்துடன் தொழில் செய்யும் வயது வந்தவர் விஷயத்தில் போலீஸ் தலையிடக்கூடாது என்பது அந்த நான்கில் ஒன்று. சோதனையின்போது அந்தப் பெண்களைக் கைது செய்யக்கூடாது என்பது இன்னொன்று. தலைப்புகளில் ஓடியவை இவைதான். அவர்களைப் பற்றிய கொள்கை முடிவுகளில் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. பட்டியலில் பத்தாவதாக இருந்தது, தாய் இந்தத் தொழிலில் இருக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை அவளிடமிருந்து பிரிக்கக்கூடாது என்ற பரிந்துரை. அரசின் மாற்றுக்கருத்துப் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது.