நோட்டில் எழுதாத மொய்

எங்கள் தேனிப் பக்கத்தில் ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று தெரிந்துகொள்ள ஜாதகம் பார்க்க வேண்டாம். மொய் நோட்டைப் பார்த்தால் போதும். 1994-ல் அவர் வீட்டுக் காதணி விழாவில் நாம் வைத்த 51 ரூபாய், 2004-ல் நம் வீட்டு விசேஷத்தில் 101 ஆகத் திரும்பி வந்திருந்தால் ஆள் தங்கம். 51 ஆகவே வந்திருந்தால் கொஞ்சம் கெட்டி. வராமலே போயிருந்தால்... வேண்டாம், குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை.

'செய்முறை' என்று இதற்குப் பெயர். இப்போது மண்டப வாசலில் லேப்டாப்பும் பிரிண்டருமாக உட்கார்ந்து மொய் எழுதுகிறார்கள். கொடுத்த கையோடு ரசீது வந்துவிடுகிறது. ஏ.டி.எம். மாதிரிதான், பணம் உள்ளே மட்டும் போகும்!

நான் இதைக் கேலி செய்யவில்லை. பேங்க்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காத பல குடும்பங்களில் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்ததும், மாட்டுக் கொட்டகை வீடாக மாறியதும் இந்த மொய்ப் பணத்தில்தான். ஆனால் இது தர்மமா என்றால், இல்லை. கைமாற்று. வட்டி இல்லாத, ஆனால் ஞாபகம் நிறைய உள்ள கைமாற்று.

அப்படியானால் திரும்பி வராது என்று தெரிந்தே கொடுக்கிற கொடை இந்தப் பக்கம் உண்டா? உண்டு. கம்பம், கூடலூர் தாண்டி, குமுளி மலை ஏறுவதற்கு முன்னால் பஸ் ஒரு தடவை மூச்சு வாங்குமே, அந்த லோயர் கேம்ப்பில் நான் பார்த்திருக்கிறேன்.

தேக்கடி ஏரித் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, ராட்சதக் குழாய்களில் சரிந்து இறங்குகிற இடம் இது. கீழே பெரியாறு மின் நிலையம். தண்ணீர்கூட இங்கே ஆபீஸ் போய் ஒரு டியூட்டி பார்த்துவிட்டுத்தான் வயலுக்குப் போகிறது. கூடலூரில் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு இதுதான் உயிர். எங்கள் வீட்டு நிலமும் அந்தக் கணக்கில் ஒரு துளி.

கார்த்திகை பிறந்துவிட்டால் இந்த ரோட்டின் நிறமே மாறிவிடும். கறுப்பு, நீலம், காவி. சபரிமலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும். கூட்டம் அதிகமானால் போலீஸ்காரர்கள் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக மேலே அனுப்பி, குமுளி வழியாகக் கீழே இறக்குவார்கள். ரோட்டோரம் அன்னதானப் பந்தல்கள். "சாமி, சாப்ட்டுப் போங்க சாமி" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை.

அந்தப் பந்தல்களில் ஒன்றுக்கு என் அப்பா வருஷா வருஷம் இரண்டு சிப்பம் அரிசி அனுப்புவார். சிப்பம் 25 கிலோ. யார் கொடுத்தது என்று மைக்கில் சொல்லக் கூடாது, போர்டில் எழுதக் கூடாது. கண்டிஷன் இவ்வளவுதான்.

அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால், "இனிமே நீங்கதேன் இதப் பாத்துக்கிறணும்" என்றார். வீட்டில் ரகளை ஆரம்பித்தது அன்றுதான்.

ஆரம்பித்தவன் அண்ணன் மகன். சாஃப்ட்வேர்க்காரன். பெங்களூர் கம்பெனிக்கு எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன்.

"தாத்தா, நான் போய்ப் பார்த்தேன். சாப்பிடுறவங்கள்ல பாதிப்பேர் ஏ.சி. கார்ல வந்து இறங்குறாங்க. அவங்களுக்கு எதுக்கு நம்ம அரிசி?"

"காருக்கு டீசல் போட்டுட்டு வந்திருப்பான். வயித்துக்கு?"

"ஓட்டல் இருக்கு. அவங்ககிட்டக் காசு இருக்கு."

"ஏன்டா, ரேசன் கார்டைக் காட்டுன்னு கேட்டாடா சோறு போடச் சொல்ற?"

பையன் விடவில்லை. என்னிடம் தனியாக வந்து சொன்னான்: "சித்தப்பா, தாத்தா சாமிக்கு மொய் வைக்கிறாரு. புண்ணியமாத் திரும்பி வரும்னு. அதுவும் நோட்டுதான், நம்ம கண்ணுக்குத் தெரியல."

சுருக்கென்றது. ஆனால் நானும் சும்மா விடுவேனா? அவன் மாதாமாதம் ஆன்லைனில் ஏதோ ஒரு டிரஸ்டுக்குப் பணம் அனுப்புகிறவன். "நீ 80 ஜி ரசீது வாங்கிப் பத்திரமா வச்சுக்கிறியே, அது மட்டும் என்னவாம்? கவர்மென்ட்டுக்கு வச்ச மொய்தானே?" என்றேன். சிரித்துவிட்டான்.

ஆக, ஒருவர் நோட்டு மேலோகத்தில், இன்னொருவர் நோட்டு இன்கம்டாக்ஸ் ஆபீஸில். நோட்டே இல்லாத ஆசாமி யார்?

* * *

இந்தக் கேள்வியோடு ஒரு பொங்கலுக்கு மூன்று பேரும் லோயர் கேம்ப் போனோம். அங்கே கர்னல் ஜான் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2013 ஜனவரி 15-ல் திறந்தார்கள். அந்தத் தேதிதான் அவர் பிறந்தநாளும். 1841-ல் புனாவில் பிறந்த வெள்ளைக்காரர், சொல்லி வைத்தாற்போல எங்கள் பொங்கலை ஒட்டிப் பிறந்திருக்கிறார். அன்றைக்குப் பெண்கள் பானை வைத்துப் பொங்கலிடுகிறார்கள், பாலார்பட்டியில் ஊரே கொண்டாடுகிறது. பிள்ளைக்கு பென்னிகுயிக் என்று பெயர் வைத்தவர்கள் உண்டு. சாமி படங்களுக்கு நடுவே மீசைக்கார வெள்ளைக்காரர் படம் மாட்டிய வீடுகளும் உண்டு.

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டும்போது வெள்ளம் வந்து வேலையை அடித்துக்கொண்டு போனதாம், அரசாங்கம் கையை விரித்ததாம், உடனே இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்றுக்கொண்டு வந்து அணையைக் கட்டி முடித்தாராம். இந்தப் பள்ளத்தாக்கில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த கதை. அப்பா அதை நூறாவது தடவையாகச் சொன்னார். பையன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"சொத்தை வித்தாருங்கிறதுக்கு டாக்குமென்ட் இருக்கா தாத்தா? யாரும் காட்டினதில்லையே?"

"தண்ணி வருதுல்ல?"

அவ்வளவுதான் பதில்.

பையன் சொன்னது சரிதான். சொத்தை விற்றார் என்பதற்கு ஆவணம் இல்லை என்று ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். அணை சென்னை மாகாண அரசின் திட்டம். மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். பிறகு யோசனை ஃபைல் ஃபைலாகத் தூங்கியது. (ஃபைல் தூங்குவது நேற்று வந்த வியாதி இல்லை!) 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷ ஒப்பந்தம், 1887-ல் வேலை ஆரம்பம், 1895 அக்டோபரில் திறப்பு. பென்னிகுயிக் அதைக் கட்டி முடித்த பொறியாளர். நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்.

எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான். சொத்தை விற்றவரைக் கும்பிடலாம், பின்பற்ற முடியாது. நமக்கு விற்க என்ன இருக்கிறது, இ.எம்.ஐ.யில் ஓடுகிற பைக்கா? ஆனால் காட்டிலும் காய்ச்சலிலும் எட்டு வருஷம் நின்று, வாங்கிய சம்பளத்துக்கு மேலேயே உழைத்த ஓர் உத்தியோகஸ்தரை, பத்து மணிக்கு சீட்டில் உட்காருகிற எவனும் கொஞ்சமாவது பின்பற்றலாம்.

அந்தச் சொத்துக் கதை எப்படிப் பிறந்திருக்கும் என்றும் எனக்கு ஒரு யூகம் உண்டு. நாங்கள் மொய்க்கார ஜனங்கள். வாங்கியதைத் திருப்பிச் செய்யாவிட்டால் தூக்கம் வராது. இந்த மனுஷரோ 1911-ல் இங்கிலாந்தில் காலமாகிவிட்டார். அவர் வீட்டுக் காதணி விழாவுக்குப் போய் 1,001 எழுத முடியுமா? முடியாது. அதனால்தான் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம். வந்த தண்ணீர் கணக்கில் அடங்காதது, எனவே கொடுத்த தொகையையும் பெரிதாக எழுதிக்கொண்டோம். கதை பொய்யாக இருக்கலாம். நன்றி பொய்யில்லை.

"அப்ப இவங்க?" என்று பையன் அடுத்த குண்டைப் போட்டான். அணை வேலையில் மலேரியாவிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கான பேர் செத்திருக்கிறார்கள். அணைக்குப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். "அவங்களுக்கு யாரு தாத்தா பொங்கல் வைக்கிறா?"

அப்பா பதில் சொல்லவில்லை. எங்களுக்கும் அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவர்கள் தர்மம் செய்ய வந்தவர்கள் இல்லை, கூலிக்கு வந்தவர்கள். ஆனால் கொடுத்துவிட்டுப் போனது எந்தக் கூலிக்கும் மேலே. அது நோட்டிலும் இல்லை, படத்திலும் இல்லை. நாம் சாப்பிடுகிற சோற்றில் இருக்கிறது. பஸ்ஸுக்குத் திரும்பி நடக்கும்போது அப்பா, "நீ கேட்டது நியாயந்தேன்டா" என்று மட்டும் சொன்னார்.

* * *

பெருசுகளுக்குப் பக்தி, இளசுகளுக்குக் கணக்கு என்று கோடு போட்டுப் பிரித்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் கோடு நேராக நிற்பதில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது, பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தார்களே, அதில் அப்பாவும் உண்டு, பதினாறு வயதுப் பேரனும் உண்டு. போலீஸ் மறித்து நிறுத்தியது. 2018 ஆகஸ்டில் கேரளாவை வெள்ளம் புரட்டிப் போட்டது. அதே பேரன் சினேகிதர்களோடு சேர்ந்து போர்வை, பால் பவுடர் எல்லாம் திரட்டி லாரியில் ஏற்றினான். அப்பா யாரும் கேட்காமலே இரண்டு சிப்பத்தைக் கொண்டுவந்து லாரியில் போட்டார். "அன்னைக்கு அம்புட்டுக் கோவமா நடந்தீங்களே?" என்று கேட்டதற்கு, "கோவம் தண்ணிக்கு. அரிசி வயித்துக்கு" என்றார்.

இரண்டு சிப்பப் பஞ்சாயத்து எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். பையன் ஒரு யோசனை சொன்னான். பக்கத்து ஊரில் ஒரு பெண் பிள்ளை, தகப்பன் இல்லை, பிளஸ் டூவோடு படிப்பு நிற்கப் போகிறது. காலேஜ் பீஸில் ஒரு பங்கை அவளுக்குப் பாடம் நடத்திய வாத்தியார் மூலமாக அவன் கட்டுகிறானாம். அரிசிப் பணத்தையும் அதில் சேர்க்கலாம் என்றான்.

அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் புள்ள பேரென்ன?"

"தெரியாது தாத்தா."

"உன் பேரு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லக் கூடாதுன்னு வாத்தியார்கிட்ட நான்தான் சொல்லி வச்சிருக்கேன்."

அப்பா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். "அப்பச் சரி" என்றார்.

தீர்ப்பும் அவரே சொன்னார். ஒரு சிப்பம் பந்தலுக்கு, ஒரு சிப்பத்துக்கான பணம் படிப்புக்கு. போன கார்த்திகையில் பந்தலுக்கான சிப்பத்தைத் தூக்கிப் போய் இறக்கியவன் பேரன்தான். ஜிம்முக்குப் போகிற உடம்பு. இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினான்.

"இருவத்தஞ்சு கிலோவுக்கேவா?" என்று அப்பா கேட்டது தெருமுனை வரை கேட்டது.