பசை பிடிக்கும் தகடு

இங்கே ஒன்றன்மேல் ஒன்றாய் இணைந்திருக்கும் இவ்விரு அலுமினியத் தகடுகளையும் பிணைத்திருப்பது ரிவெட்டும் அன்று, பற்றவைப்பும் அன்று; எபாக்சிப் பசை ஒன்றே. காற்றுப் பட்ட கணத்திலேயே அலுமினியத்தின்மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் தானாகப் படிகிறதெனினும், அது ஈரத்தில் உருமாறிக் கழன்றுவிடும் சுபாவமுடையதாதலால், அதனை நம்பி ஒட்டிய மூட்டு ஐப்பசி அடைமழை சிலவற்றிலேயே வலுவிழக்கக்கூடும். ஆகவே, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, காரத்திலும் அமிலத்திலும் கழுவி, கழுவிய நீர் முத்து முத்தாய்த் திரளாமல் ஒரே விரிப்பாகப் பரவி நிற்கிறதா என்று பரீட்சித்த பிறகே, தகட்டை நேர்மின் முனையாக்கி, நூற்றுக்குப் பத்துப் பங்களவான பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் அமிழ்த்தி, 10 முதல் 15 வோல்ட் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய 20 நிமிஷம் வைக்கிறார்கள்.

அதனால் விளையும் புதுப்படலம் ஒரு மைக்ரானிலும் குறைந்த கனமுடையது. ஆயினும் தேன்கூட்டின் அறைகளைப்போல் அதில் நெருங்கியிருக்கும் நுண்துவாரங்களுக்குள், பசைக்கு முன் பூசும் பிரைமர் இறங்கி உறைந்து, உலோகத்தோடு ஐக்கியமாகிவிடுகிறது. இத்துணை மெல்லிய ஒன்றை ஆதாரமாகக் கொண்டு விமானத்தின் பாகங்களையே ஒட்டுகிறார்கள் என்பது வியக்கத்தக்கதே. இவ்வகை மின்முறையான அனோடைசிங்கை ஜன்னல் சட்டங்களுக்குச் செய்வோர் இறுதியில் கொதிநீரில் இட்டுத் துவாரங்களை அடைப்பது வழக்கம். இங்கே அடைத்தால் காரியம் கெட்டது. வெறும் விரல் படுவதும் ஆகாது.

1923-இல் பெங்கோ, ஸ்டூவர்ட் என்னும் இருவர் இங்கிலாந்தில் குரோமிக் அமிலத்தால் அனோடைசிங் முறையைத் தொடங்கியது கடல் விமானங்களை அரிப்பினின்று காக்கவே. பசைக்கு உகந்த பாஸ்பாரிக் முறையை 1970-களில் போயிங் வகுத்தது. இவ்வித்தைக்கு மூலமான மின்வேதியியலுக்கென்றே, காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்தில் எழுந்து, 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய ஆராய்ச்சி நிலையம் இன்றும் பணிபுரிந்து வருகிறது.