பாபநாசத்தில் தரை அதிர்ந்தால் கணக்குப் போடுவது யார்? நிலநடுக்க மென்பொருள்களும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கும்

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. நண்பகலை ஒட்டிய நேரத்தில் அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம், மணிமுத்தாறு பகுதிகளில் தரை லேசாக அதிர்ந்ததாக மக்கள் சொன்னார்கள். தேசிய நில அதிர்வு மையத்தின் பட்டியலில் அப்படி எதுவும் பதிவாகவில்லை என்று அதிகாரிகள் தரப்பில் விளக்கம் வந்தது. பதற்றம் அடங்கியது. "அப்போ நாங்க உணர்ந்தது என்னவாம்?" என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

இரண்டு தரப்பும் உண்மையையே சொல்லியிருக்கலாம். நிலநடுக்கமானிகள் ஊருக்கு ஊர் கிடையாது. 2 சொச்சம் அளவுள்ள குட்டி அதிர்வு, ஆழம் குறைவாக, நம் காலுக்கு நேர் கீழே வந்தால் நமக்குத் தெரியும். நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கருவியில் அது லாரி இரைச்சலோடு இரைச்சலாகக் கரைந்துபோகும். குவாரி வெடியாகவும் இருந்திருக்கலாம். பக்கத்தில் ஒரு கருவி இருந்திருந்தால் இந்த 'லாம்'களுக்கே வேலை இருந்திருக்காது.

சரி, வந்தது சின்ன அதிர்வு. பெரிதாக ஒன்று வர வாய்ப்பு எவ்வளவு? இதை யார், எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்? அந்தக் கணக்கை நாமே சரிபார்க்க முடியுமா? முடியும். அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

வரைபடத்தில் நெல்லை எங்கே?

கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1893-ன் 2016 பதிப்பில் திருநெல்வேலி இரண்டாம் மண்டலம். அதாவது, இருப்பதிலேயே ஆபத்து குறைந்த மண்டலம். சென்னையும் கோவையும் மூன்றாம் மண்டலம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் முழுக்க மூன்றாம் மண்டலம்தான். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே உள்ள கோடு நம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், மலைப்பக்கமாகப் போகிறது. நாடு முழுவதையும் ஒரே தாளில் அடக்கும் வரைபடத்தில் அந்தக் கோட்டின் தடிமனே சில கிலோமீட்டர் வரும். தென்மலையில் கிளம்பும் அலை, செங்கோட்டை எல்லையில் செக்போஸ்ட் பார்த்து நிற்கப்போவதும் இல்லை.

பூமிக்கு அடியிலும் ஒரு கோடு உண்டு. அச்சன்கோவில் பிளவு மண்டலம். கேரளத்தின் அச்சன்கோவில் பக்கமிருந்து வடமேற்கு–தென்கிழக்காக மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தென்காசிப் பக்கம் வருகிறது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்த காலத்துத் தழும்பு அது. பழைய தழும்பு என்பதாலேயே நாளைக்குப் பிளக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால், பாறையில் பலவீனமான இடம் எது என்று தேடும்போது முதலில் கண்ணில் படுவது இப்படிப்பட்ட கோடுகள்தான்.

"நம்மூர்ல பூகம்பமாவது, ஒண்ணாவது!" என்பவர்களுக்கு இரண்டு தேதிகள். 1900 பிப்ரவரி 8: கோவைப் பகுதியில் சுமார் 6 அளவுள்ள நிலநடுக்கம். 1993 செப்டம்பர் 30: மகாராஷ்டிரத்தின் லாத்தூர் அருகே கில்லாரி. கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தார்கள். அன்றைய வரைபடத்தில் அந்த இடம் முதலாம் மண்டலம், அதாவது அன்றைய கணக்கில் மிகக் குறைந்த ஆபத்து. 2002-ல் வரைபடத்தைத் திருத்தியபோது முதலாம் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டு இரண்டாவதோடு சேர்த்தார்கள்.

இது ஜோசியமா?

இல்லை. எந்த நாளில் நிலநடுக்கம் வரும் என்று எந்த மென்பொருளும் சொல்லாது. சொல்வதாக யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடலாம். இங்கே போடுவது இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் போடுவது மாதிரியான கணக்கு. 1968-ல் அமெரிக்கப் பொறியாளர் ஆலின் கார்னெல் இதற்கு வழி சொன்னார். சுற்றுவட்டாரத்தில் எங்கெங்கே நிலநடுக்கம் பிறக்கலாம்? எந்த அளவு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? அங்கே பிறந்தால் நம் ஊருக்கு வந்து சேரும்போது ஆட்டம் எவ்வளவு? இந்த மூன்றையும் எல்லா இடத்துக்கும், எல்லா அளவுக்கும் பெருக்கிக் கூட்டினால், 'இந்த ஊரில் இவ்வளவு ஆட்டம் 50 ஆண்டுகளில் வர 10 சதவீத வாய்ப்பு' என்று ஒரு எண் கிடைக்கும். பொறியாளர்கள் இதையே '475 ஆண்டு நிலநடுக்கம்' என்பார்கள். 475 ஆண்டுக்கு ஒருமுறை டாண் என்று வரும் என்று பொருளல்ல. இரண்டும் ஒரே வாய்ப்பைச் சொல்லும் இரண்டு விதம், அவ்வளவே.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் அருண் மேனன், இத்தாலியின் பவியா நகர ஆய்வாளர்களோடு சேர்ந்து மாநிலம் முழுமைக்குமான ஆய்வை 2010-ல் வெளியிட்டார். நாடு முழுமைக்குமான வரைபடத்தை தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக ஆர்.என். ஐயங்கார் தலைமையிலான குழு தயாரித்தது. காரக்பூர் ஐ.ஐ.டி.யின் நாத், திங்பைஜாம் இருவரும் 2012-ல் இன்னொன்றை வெளியிட்டார்கள்.

ஓப்பன்குவேக் வந்தபின் என்ன மாறியது?

ஆய்வுக் கட்டுரையில் வருவது முடிவு. அதை எடுத்து, "இந்த ஒரு அனுமானத்தை மட்டும் மாற்றினால் நெல்லைக்கு என்ன எண் வரும்?" என்று கேட்க வழியில்லை. கேட்க வேண்டுமென்றால் கணக்கும் தரவும் கைக்கு வர வேண்டும்.

அதே பவியா நகரத்தில் 2009-ல் தொடங்கிய ஜெம் என்ற உலக நிலநடுக்க மாதிரி அறக்கட்டளை செய்தது இதைத்தான். அதன் ஓப்பன்குவேக் என்ற மென்பொருள் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. நிரல் முழுவதும் கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது. விண்டோஸ் லேப்டாப்பிலேயே ஓடும். மேலே சொன்ன காரக்பூர் மாதிரியை ஓப்பன்குவேக்கில் மறுபடி எழுதி, 2018 டிசம்பரில் வந்த உலக வரைபடத்தில் இந்தியப் பகுதிக்குப் பயன்படுத்தினார்கள்.

நமக்கு நெருக்கமான விஷயம் ஒன்று அதற்குள் இருக்கிறது. அலை தூரம் போகப்போக எப்படிக் குறைகிறது என்பதற்கு ஊருக்கு ஊர் சமன்பாடு மாறும். ராகுகாந்தும் ஐயங்காரும் 2007-ல் தீபகற்ப இந்தியாவுக்காகத் தந்த சமன்பாடு ஓப்பன்குவேக்கில் இருக்கிறது. கொய்னா–வார்னா, மேற்கு–மத்திய இந்தியா, தென்னிந்தியா என்று தனித்தனியாகவே இருக்கிறது. தென்னிந்தியாவில் பலமான அதிர்வுகளை அளந்த பதிவுகள் மிகக் குறைவு. எனவே, அவர்கள் கணினியில் போலி நிலநடுக்கங்களை உருவாக்கி, அவற்றிலிருந்து அந்தச் சமன்பாட்டை எடுத்தார்கள். அதாவது, நம் ஊர் எண்ணுக்கு அடியில் இருப்பதே ஒரு சிமுலேஷன். இதில் தப்பில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

கூடங்குளம் போராட்டம் உச்சத்தில் இருந்த 2011, 2012-ல் இந்த வசதி இல்லை. மத்திய அரசின் நிபுணர் குழு, மாநில அரசின் குழு, போராட்டக்காரர் தரப்பு வல்லுநர்கள் என்று மூன்று பக்கமும் பேசினார்கள். இடிந்தகரையில் உட்கார்ந்து கேட்டவருக்கு இருந்த ஒரே வேலை, யாரை நம்புவது என்று முடிவு செய்வது. கணக்கையே ஓட்டிப் பார்க்கும் நிலை யாருக்கும் இல்லை.

மீதிக் கணக்கு மண்ணில் இருக்கிறது

தட்டில் ஒரு பக்கம் கருப்பட்டி, மறுபக்கம் அல்வா. தட்டை லேசாக ஆட்டுங்கள். கருப்பட்டி தட்டோடு நகரும். அல்வா தன் பங்குக்குத் தனியாகக் குலுங்கும். பொதிகை அடிவாரப் பாறை கருப்பட்டி. ஆற்றோரம் சேரன்மகாதேவி முதல் ஸ்ரீவைகுண்டம் வரை வண்டல் படிந்த வயற்காடு அல்வா. ஒரே அதிர்வு, ஒரே மண்டலம், ஆனால் ஆட்டம் வேறு வேறு.

இதை அளக்க, தரையின் மேல் 30 மீட்டரில் குறுக்கலை என்ன வேகத்தில் போகிறது என்று பார்ப்பார்கள். ஓப்பன்குவேக் ஒவ்வொரு இடத்துக்கும் இந்த எண்ணைக் கேட்கும். நம்மிடம் இல்லாவிட்டால், செயற்கைக்கோள் தரவில் நிலத்தின் சாய்வைப் பார்த்து உத்தேசமாகத் தரும் உலகத் தரவிலிருந்து எடுத்துப் போட வேண்டியதுதான். சென்னைக்கும் பெங்களூருக்கும் தெருவாரியாக ஆய்வு நடந்திருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்குக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

செலவு பயப்படும்படி இல்லை. இரும்புத் தகட்டில் சம்மட்டியால் ஓங்கி ஒரு அடி. வரிசையாக நட்ட 24 உணரிகள் அந்த அலையைப் பிடிக்கும். வயலில் அரை நாள் வேலை. பகுத்துப் பார்க்க ஜியோப்சி என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் திறந்த மூலநிரல். பாளையங்கோட்டையிலோ அபிஷேகப்பட்டியிலோ படிக்கும் மாணவர்களின் ஒரு பருவ புராஜெக்ட்டுக்குள் அடங்கும். பாலத்துக்கும் மேம்பாலத்துக்கும் துளை போட்டு எடுத்த மண் பரிசோதனை அறிக்கைகள் வேறு, அலுவலக பீரோக்களில் தூங்குகின்றன. அவற்றை வெளியிட்டாலே பாதி வேலை முடிந்தது.

சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்படும் இடம்

ஓப்பன்குவேக் வாய்ப்பைச் சொல்லும். ஒரு குறிப்பிட்ட நிலநடுக்கத்தில் அலை நொடிக்கு நொடி எப்படிப் போகும் என்று பார்க்க ஸ்பெக்ஃபெம், சீஸ்சால் போன்றவை இருக்கின்றன. இவையும் திறந்தவையே. மியூனிக் ஆய்வாளர்கள் 2017-ல் சீஸ்சாலைக் கொண்டு 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தைக் கணினியில் மறுபடி நிகழ்த்தினார்கள். 1,500 கிலோமீட்டர் நீளப் பிளவு, 500 நொடி. அதற்கு 86,000 செயலிகள் சுமார் 14 மணி நேரம் ஓடின. உவரி, கூடங்குளம் கரைக்கு அன்று சுனாமியை அனுப்பிய அதே பிளவு அது. இந்த அளவு வேலையை நெல்லையில் செய்ய முடியாது. செய்யத் தேவையும் இல்லை.

இங்கே தேவைப்படுவது காதும் பதிவேடும். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம், 30 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள அணைகளின் அருகே நில அதிர்வு நிலையம் அமைக்க வேண்டும் என்கிறது. தினமும் பேப்பரில் நீர்மட்டம் பார்க்கிறோமே, பாபநாசம் 143 அடி, அது 43 மீட்டரைத் தாண்டும். மணிமுத்தாறு 118 அடி என்றாலும் 36 மீட்டர் தேறும். இரண்டுமே சட்டத்தின் அளவுக்குள் வருகின்றன. நீர்மட்டத்தைத் தினமும் வெளியிடுவது போல, அந்தக் கருவிகளின் பதிவையும் வெளியிடச் சொல்லிக் கேட்கலாம்.

அதுவரை, ராஸ்பெரி ஷேக் என்ற கையடக்க நிலநடுக்கமானியை ஒரு பள்ளிக்கூடத்து அடித்தளத்தில் வைத்தாலும் போதும். அதன் பதிவைப் படிக்க ஆப்ஸ்பை என்ற இலவச நிரல் இருக்கிறது. அம்பையில் ஒன்று, கல்லிடைக்குறிச்சியில் ஒன்று, கடையத்தில் ஒன்று. மூன்று கருவிகள் ஒரே அதிர்வைப் பிடித்தால், அது எங்கே பிறந்தது, குவாரியா பாறையா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.