ஓர் எழுத்தின் பிழை

அறம் என்று எழுத வேண்டிய இடத்தில் அரம் என்று எழுதினால், ஒழுக்கம் மறைந்து இரும்பைத் தேய்க்கும் கருவி வந்துவிடுகிறது. ஏட்டில் நேரும் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். உடலினுள் நேரும் எழுத்துப் பிழை உயிரையே வருத்தும். அரிவாட்கலச் சோகை என்னும் நோய் இதற்குச் சான்றாகும்.

குருதிக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபின் ஒரு புரதம். ஒட்சிசனைச் சுமந்து உடலெங்கும் சேர்ப்பது அதன் பணி. அதிலுள்ள நான்கு சங்கிலிகளுள் பீற்றா எனப்படும் ஒவ்வொன்றிலும் 146 அமினோ அமிலங்கள் மணிகள் போலக் கோக்கப்பட்டுள்ளன. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்பதை வகுப்பது யாது?

கலத்தின் கருவினுள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் மூல ஏடே அதனை வகுக்கின்றது. மூல ஏடு கருவிலேயே தங்கிவிட, வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் பிரதியாகி வெளியே வருகிறது. றைபோசோம் என்னும் நுண்ணிய தொழிற்கூடம் அப்பிரதியை மும்மூன்று எழுத்துகளாக வாசிக்கின்றது. ஒவ்வொரு மும்மைக்கும் உரிய அமினோ அமிலத்தை வேறொரு சிறிய ஆர்.என்.ஏ. சுமந்து வந்து கொடுக்கின்றது. எழுத்துகள் நான்கே, அவற்றால் ஆகும் மும்மைகள் 64. இவற்றுள் 61 மும்மைகள் 20 அமினோ அமிலங்களைக் குறிப்பன. எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகள்.

பீற்றாச் சங்கிலியின் ஆறாம் இடத்துக்குரிய மும்மை ஜி, ஏ, ஜி என்பதாகும். அதன் பொருள் குளுட்டாமிக் அமிலம். நடுவிலுள்ள ஏ, யூவாக மாறினால் வலின் என்னும் வேறோர் அமிலம் அங்கே அமர்ந்துவிடும். றைபோசோம் பிழையை அறியாது, எழுதியபடியே கோக்கும். இந்த ஒற்றை மணியின் மாற்றத்தைக் கேம்பிரிட்ஜில் வேர்ணன் இங்கிராம் என்னும் அறிஞர் 1957ஆம் ஆண்டில் நிறுவினார்.

விளைவு என்ன? ஒட்சிசன் குறைந்தவிடத்து அப்புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகின்றன. வட்டமான செங்குருதிக் கலம் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றது. குழந்தை எலும்பு நோவால் துடிக்கின்றது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இப்பிழையைப் பெற்ற குழந்தைக்கே இந்நிலை. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாக வாழ்வர். மலேரியாவின் கொடுமையிலிருந்தும் ஓரளவு காக்கப்படுவர். மலேரியா மலிந்த ஆபிரிக்கப் பகுதிகளில் இப்பிழை நிலைத்து நின்றமைக்கு இதுவே காரணம்.

2023ஆம் ஆண்டில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் இந்நோய்க்கு ஒரு புதிய சிகிச்சையை அனுமதித்தன. தாயின் வயிற்றில் இருந்தபோது வாசிக்கப்பட்டு, பிறந்தபின் மூடப்பட்ட வேறோர் ஈமோகுளோபின் ஏட்டை அது மீண்டும் திறந்துவிடுகின்றது. பிழைபட்ட எழுத்து அப்படியே இருக்க, பழைய ஏடு குழந்தையைக் காக்கின்றது. எழுத்தை வாசிக்கக் கற்றமையின் பயன் இதுவன்றோ!