படியேறும்போது இதயம் என்ன செய்கிறது?

திருநீர்மலை அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, மலைமேல் அரங்கநாதரைத் தரிசிக்கப் படியேறும்போது, பாதி வழியில் பலருக்கும் மூச்சு வாங்குகிறது. ‘இது வயதின் களைப்பா, இதயக் கோளாறா?’ என்னும் ஐயம் அப்போது எழுகிறது. இரத்தம் உடலில் சுற்றும் முறையை அறிந்தால் விடை எளிதில் விளங்கும்.

இதயம் மூடிய கை அளவுள்ள தசை. அதனுள் இரண்டு பம்புகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வலப்பக்கப் பம்பு, ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை உடலிலிருந்து பெற்று நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கப் பம்பு, ஆக்சிஜன் நிறைந்து திரும்பும் இரத்தத்தைப் பெருந்தமனி வழியாக உடல் முழுவதற்கும் செலுத்துகிறது. இரத்தம் பின்னோக்கி ஓடாதபடி நான்கு வால்வுகள் தடுக்கின்றன. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ‘லப்-டப்’ ஓசை, அவ்வால்வுகள் மூடும் ஓசையே.

ஓய்வாக இருக்கையில் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடித்து, சுமார் 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. படியேறும்போது கால் தசைகளுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுவதால் துடிப்பும் மூச்சும் விரைவடைகின்றன. சில நிமிடங்கள் அமர்ந்ததும் இவை தணிந்தால், பெரும்பாலும் அது இயல்பான களைப்பே.

இதயத் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதைத் தருபவை பெருந்தமனியின் தொடக்கத்தில் பிரியும் கரோனரி தமனிகள். அவற்றில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், ஓய்வில் போதுமாயிருக்கும் இரத்தம் படியேறும்போது போதாமற்போகிறது. அப்போது நெஞ்சு இறுகுகிறது. வலி தோள், கை, தாடை வரை பரவக்கூடும். குறுகிய வழியை இரத்தக்கட்டி அடைத்துவிட்டால் அதுவே மாரடைப்பு. நீரிழிவு நோயாளர், முதியோர், பெண்கள் ஆகியோரில் சிலருக்கு வலியே இன்றி வியர்வை, மூச்சுத்திணறல், மிகுந்த சோர்வு மட்டும் தோன்றலாம். இவற்றை ‘வாயுத்தொல்லை’ என்று ஒதுக்குவதே காலத்தாழ்வுக்குக் காரணமாகிறது.

நோயாளியுடன் இருப்போர் வேறு இரண்டு குறிகளையும் கவனிக்க வேண்டுகிறோம். இடப்பக்கப் பம்பு தளர்ந்தால் நுரையீரலில் நீர் தேங்கும். நோயாளியால் மல்லாந்து படுக்க இயலாது. வலப்பக்கம் தளர்ந்தால் கால்கள் வீங்கும். இவற்றைக் கண்டால் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள்.

படியேறுகையில் நெஞ்சு இறுகினால் அங்கேயே அமருங்கள். மேலே ஏற வேண்டாம். ஓய்வெடுத்தும் வலி நீங்காவிடில், அல்லது வியர்வையும் மயக்கமும் சேர்ந்தால், உடனே 108-ஐ அழையுங்கள். தாமாக வண்டி ஓட்டிச் செல்லலாகாது. 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறியுடன் வருவோர்க்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகள் தரப்படுகின்றன. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை அழிவதால் இந்த ஏற்பாடு.

ஸ்டென்ட் பொருத்தியோரும் அறுவை சிகிச்சை பெற்றோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே மலையேறுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை எந்நாளும் நிறுத்த வேண்டாம். உடல் ஒத்துழையாத நாளில் அடிவாரத்திலேயே சேவித்துத் திரும்பலாம். மலைமேல் தரிசனத்தை மற்றொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.